வூஸ்டரின் கறுப்புப் பேரிக்காய்

கேள்வி: பழைய கிரிக்கெட் படம் ஒன்றில் கபில்தேவ் ஆடிய இங்கிலாந்து அணியின் சின்னத்தைப் பார்த்தோம். மூன்று கறுப்புக் காய்கள் இருந்தன. கத்தரிக்காய் என்கிறேன் நான், பேரிக்காய் என்கிறான் மகன். யார் சொல்வது சரி?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் மகன்தான். கபில் 1984, 85இல் வூஸ்டர்ஷயர் அணிக்கு ஆடினார். அந்தப் பக்கத்துப் பழைய ரகமான 'பிளாக் வூஸ்டர்' பேரிக்காய்தான் சின்னத்தில் இருப்பது. 1575இல் முதலாம் எலிசபெத் ராணி வூஸ்டர் நகருக்கு வந்தபோது, காய்த்துக் குலுங்கிய மரத்தைக் கண்டு மகிழ்ந்து, நகரச் சின்னத்தில் அதைச் சேர்க்கச் சொன்னாராம். இது ஊர்க்கதை. காயோ கண்ணெதிரே இருக்கிறது.

அங்கே மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு ஜனவரியில் நான்கு காய்கள் கொண்டுவந்து கொடுத்தார். கையில் கனத்தன. தோல் சப்போட்டா போலச் சொரசொரப்பு, ஆனால் அதைவிட நன்றாகக் கறுத்த செம்பழுப்பு. ஆசையில் ஒன்றைக் கடித்துவிட்டேன். பல் இறங்கவில்லை. வாயில் வந்த சிறு துண்டும் துவர்ப்பு, நறநறப்பு. கொய்யாவைத் தின்னும்போது பல்லில் மணல் போலப் படுமே, அதேதான். சதைக்குள் சுவர் தடித்து இறுகிப்போன செல்கள் கூட்டம் கூட்டமாக இருப்பதால் வருவது. எல்லாப் பேரியிலும் கொஞ்சம் உண்டு, இதில் அதிகம்.

பழமானாலும் நாம் பேரிக்காய் என்றுதானே சொல்கிறோம்? அந்தப் பெயர் இதற்கு அப்படியே பொருந்தும். எத்தனை நாள் வைத்தாலும் இது காய்தான், பச்சையாகத் தின்னும் பதத்துக்கு வராது. ஆனால் அந்தக் கெட்டித்தன்மைதான் அதன் பலம். இலையுதிர் காலக் கடைசியில் பறித்துக் குளிர்ந்த அறையில் அடுக்கினால் ஏப்ரல் வரை கெடாது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில், குளிர்கால மாதங்களுக்கு இது எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கும்!

அப்புறம் அந்த அம்மாளே சமைத்தும் காட்டினார். தோல் சீவி, நான்காக வகிர்ந்து, சர்க்கரையும் கிராம்பும் போட்டு, மூடிய பாத்திரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சிறு தீயில். வேறு பேரியாக இருந்தால் கூழாகியிருக்கும். இது வகிர்ந்த வடிவம் குலையாமல், கரண்டி பட்டதும் விட்டுக்கொடுத்தது. துவர்ப்பு அடங்கி, ஆழ்ந்த இனிப்பு. நறநறப்பு மட்டும் லேசாக மிச்சம். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த அம்மாள் வீட்டுக் கொல்லையில் மரம் ஒன்று நின்றது. பக்கத்திலேயே, இடுப்பளவில், புதிதாக நட்ட ஒரு கன்று.