தொப்பியைப் பார்த்தால்தான் ஆள் தெரியும்

கேள்வி: ஸ்காட்லாந்தில் நடந்த கலோடன் போரின் ஓவியங்களில் ஒரு பக்கம் கட்டம்போட்ட துணி, எதிர்ப்பக்கம் சிவப்புக் கோட்டு. 1746-ல் படைகள் நிஜமாகவே இப்படித்தான் நின்றனவா?

பதில்: பாதி உண்மை. 1688-ல் பட்டம் இழந்த இங்கிலாந்து, ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் பேரன் சார்லஸ் எட்வர்டுக்காகப் போராடியவர்கள் ஜேக்கபைட்டுகள். அவர்கள் அணியிலேயே சிவப்புக் கோட்டு உண்டு: பிரெஞ்சுப் படையிலிருந்து வந்த ஐரிஷ் வீரர்கள். அதே பிரெஞ்சுப் படையின் ஸ்காட்டிஷ் ரெஜிமென்ட்டுக்கு நீலக் கோட்டு. ஸ்காட்லாந்தின் மலைநாட்டையே பார்த்திராத சமவெளி ஆட்களுக்கும் டார்ட்டன் என்ற அந்தக் கட்டம்போட்ட துணியை மாட்டிவிட்டார்கள்; அதுதான் கிட்டத்தட்ட ஜேக்கபைட் படையின் சீருடை.

எதிரே, அப்போதைய பிரிட்டிஷ் மன்னர் ஜார்ஜின் அணியில் சிவப்புக் கோட்டு போட்ட ஸ்காட்டிஷ் ரெஜிமென்ட்டுகளும் இருந்தன. ஆர்கைல் மிலிஷியா என்ற உள்ளூர்ப் படையில் வந்த கேம்பெல் குலத்து ஆட்களோ ஜேக்கபைட்டுகளைப் போலவே டார்ட்டனும் நீலத் தொப்பியுமாக வந்தார்கள். அடையாளம் தொப்பியில் இருந்தது. ஜேக்கபைட் என்றால் வெள்ளை ரிப்பன் முடிச்சு. அரசுப் படை என்றால் கறுப்பு. போதாததற்கு ஆர்கைல் ஆட்கள் துணியில் சிலுவைக் குறியும் தைத்துக்கொண்டார்கள். புகையில் கறுப்பு ரிப்பன் எவ்வளவு தூரம் தெரியும்? அதனால்தான் இந்த முன்னெச்சரிக்கை.

கேள்வி: ஒவ்வொரு குலத்துக்கும் தனி டார்ட்டன் இருந்ததே, அதை வைத்துப் பிரித்தறிய முடியாதா?

பதில்: முடியாது. குலத்துக்கொரு கட்டம் என்பது 19-ஆம் நூற்றாண்டில் கெட்டிப்பட்ட வழக்கம். போர் நடந்த காலத்திலேயே டேவிட் மோரியே வரைந்த கலோடன் ஓவியத்தை உற்றுப் பாருங்கள்: ஒரே ஆளின் கோட்டில் ஒரு கட்டம், காலுறையில் வேறு கட்டம்.

கேள்வி: ஜேக்கபைட்டுகளின் முக்கிய ஆயுதம் வாள்தானே?

பதில்: படம் எடுப்பவர்களுக்கு அப்படித் தோன்றும். போருக்குப் பின் களத்தில் பொறுக்கி எடுத்ததாக அரசுத் தரப்புக் கணக்கு சொல்வது 2,320 துப்பாக்கிகள். வாள்கள் வெறும் 190. அவர்களுக்கிருந்த தொல்லை ரவையில், அதாவது துப்பாக்கிக் குண்டில். பிரான்சிலிருந்து வந்த துப்பாக்கியின் குழல் விட்டம் சுமார் 17.5 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் துப்பாக்கியுடையது சுமார் 19. பிடிபட்ட பிரிட்டிஷ் குண்டைப் பிரெஞ்சுக் குழலில் திணித்தால் வழியிலேயே சிக்கிக்கொள்ளும். பிரெஞ்சுக் குண்டைப் பிரிட்டிஷ் குழலில் போட்டாலோ தொளதொளவென்று உருளும். சுடலாம், குறி நிற்காது, வேகமும் குறையும். இரண்டு வகைத் துப்பாக்கியும் ஒரே அணியில் கலந்திருந்தால் ரவை பங்கிடுபவன் பாடு திண்டாட்டம்தான்.