கறுத்துப்போகும் கத்தி

வணக்கம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, மும்பை சோர் பஜாரில் தரையில் விரித்திருந்த இரும்புச் சாமான்களுக்கு நடுவே ஒரு பழைய சமையல் கத்தி கிடைத்தது. மரப்பிடி. அலகில் 'ஷெஃபீல்ட்' என்ற எழுத்து பாதி அழிந்திருந்தது. ஒரு வீடியோவைப் பார்த்து ராத்திரி முழுக்க வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தேன், பளபளவென்று ஆகிவிட்டது. ஆனால் வெங்காயம், மாங்காய் நறுக்கியதும் நீலமும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாகப் படிகிறது. தினமும் பொடி போட்டுக் கம்பி நாரால் தேய்க்கிறேன். மறுநாள் திரும்ப வந்துவிடுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? துருப்பிடித்த கத்தி கையைக் கிழித்தால் டெட்டனஸ் வரும் என்று மாமியார் பயப்படுகிறார். மார்க்கெட்டில் சாணை பிடிப்பவர், மெஷினில் பாலிஷ் போட்டுப் புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

ஒரு வாசகி, செம்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

மெஷினுக்குக் கொடுக்காதீர்கள். கத்திக்கு வேறு எது நேர்ந்தாலும் பிறகு சரிசெய்துகொள்ளலாம். அங்கே கெட்டால் வீட்டில் சரிசெய்ய வழியில்லை. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

உங்களை யாரும் ஏமாற்றவில்லை. வெங்காயம் பட்டு நிறம் மாறுவதே அது கார்பன் ஸ்டீல் என்பதற்கு அத்தாட்சி. எவர்சில்வரில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாக இரும்பை மூடிக்கொள்ளும். உங்கள் கத்திக்கு அந்தக் காவல் இல்லை. புளிப்பும் காரமும் பட்டு உண்டாகும் இந்த நீலக் கறுப்புதான் அதற்குக் காவல். சிவப்புத் துரு வேறு. பொருபொருவென்று இருக்கும், விரலில் ஒட்டும், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மேலும் இரும்பைத் தின்னும். கறுப்போ அலகோடு இறுகப் பிடித்திருக்கும், துடைத்தால் துணியில் வராது. அதைத்தான் நீங்கள் தினமும் சிரமப்பட்டுத் தேய்த்து எடுக்கிறீர்கள்.

தேய்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். நறுக்கி முடித்ததும் கழுவி, உடனே ஈரம் போகத் துடைத்து வையுங்கள், போதும். கொஞ்ச நாளில் திட்டுகள் ஒன்றோடொன்று கலந்து அலகு முழுக்கச் சாம்பல் நிறமாகும். அந்த நிறத்துக்கு வந்த கத்தியைவிட அழகான சாமான் சமையலறையில் வேறில்லை என்பது என் கட்சி. அதுவரை வெங்காயத்தில் லேசாக இரும்பு வாடை வரலாம், படலம் படியப் படியக் குறைந்துவிடும். வாழைப்பூவும் வாழைக்காயும் மட்டும் எப்போதும் கொஞ்சம் கறுக்கும். அவற்றின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் அப்படித்தான். அருவாமனையில் நறுக்கும் வீடுகளில் செய்வதுபோல மோர்த்தண்ணீரில் நறுக்கிப் போடுங்கள்.

மெஷின் விஷயத்துக்கு வருகிறேன். கத்தியின் உயிர் அதன் பதத்தில் இருக்கிறது. எஃகைச் செக்கச்செவேலென்று காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ சட்டென்று முக்கினால் அது மிகவும் கடினமாகிவிடும், ஆனால் கீழே விழுந்தால் உடையும். அதனால் மறுபடி ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்து எடுப்பார்கள். கடினமும் போகாமல், உடையாமலும் இருக்கிற அந்த நடுநிலைதான் பதம். அதற்கு மேல் சூடு ஏறினால் கடினம் இறங்க ஆரம்பிக்கும். வேகமாகச் சுற்றும் கல்லில் மெல்லிய விளிம்பை நாலைந்து நொடி அழுத்திப் பிடித்தாலே அந்தச் சூடு வந்துவிடும். அலகிலேயே அது தெரியும்: முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, ஊதா, 300 டிகிரிக்குப் பக்கத்தில் நீலம். மாங்காய் தரும் நீலம் மேல்பூச்சு மட்டும்தான். சூட்டில் வந்த நீலம் விளிம்பில் தெரிந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். எத்தனை தரம் தீட்டினாலும் சீக்கிரமே மழுங்கும். பாலிஷ் சக்கரம் அந்த மிச்ச எழுத்தையும் அழித்துவிடும், எனக்கு அது பெரிய நஷ்டமாகவே படுகிறது.

எல்லாச் சாணைக்காரர்களையும் சொல்லவில்லை. சைக்கிளை மிதித்துக் கல்லைச் சுற்றுகிறவர், அலகை அடிக்கடி தண்ணீரில் நனைத்து, லேசாகப் பிடித்துத் தீட்டினால் தாராளமாகக் கொடுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். இன்னும் நல்லது, நாக்தேவி ஸ்ட்ரீட்டில் ஒரு சாணைக்கல் வாங்கி நீங்களே தீட்டுவது. விளிம்பைக் கல்லில் 15 முதல் 20 டிகிரி சாய்த்து, ஒரு பக்கம் முழுக்க மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும்வரை தேய்க்க வேண்டும். பிறகு திருப்பி அதே மாதிரி. கடைசியில் அழுத்தமே இல்லாமல் மாற்றி மாற்றி இழுத்தால் பிசிறு போய்விடும். பிசிறு வருவதற்கு முன்பே பக்கத்தை மாற்றிவிடுவதால்தான் பலருக்குக் கூர் ஏறுவதில்லை.

ராத்திரி முழுக்க வினிகர் என்பது அதிகம். துரு தீர்ந்த இடத்தில் அமிலம் இரும்பையே அரிக்கத் தொடங்கும். இனிமேல் அரை மணிக்கொரு தரம் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், பிடியை நனைக்காதீர்கள், முடிந்ததும் சோடா மாவுத் தண்ணீரில் கழுவுங்கள். முதுகுப் பக்கம் நாலு குழி மிஞ்சினால் இருந்துவிட்டுப் போகட்டும். அதற்காக உப்புத்தாளை வைத்து முழு அலகையும் இழைக்க வேண்டாம்.

இன்னொரு கத்தி வாங்கப் போவீர்கள் என்று நினைக்கிறேன், ஆரம்பித்தவர்கள் ஒன்றோடு நிற்பதில்லை. மேல்துருவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். விளிம்பை ஒட்டி ஆழமான குழி இருந்தாலோ எங்கேயாவது விரிசல் இருந்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள். முதுகுவாட்டில் ஒற்றைக் கண்ணால் பார்த்தால் கோணல் தெரியும். காந்தம் கொண்டுபோய்ப் பிரயோஜனமில்லை, எவர்சில்வர் கத்திகளில் பெரும்பாலானவற்றிலும் காந்தம் ஒட்டும். 'ஷெஃபீல்ட்' முத்திரையை மட்டும் நம்பவும் கூடாது. கார்பன் ஸ்டீல் கத்திகளுக்குப் பேர்போன அந்த இங்கிலாந்து ஊரில்தான் 1913-இல் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். 'ஸ்டெயின்லெஸ்' என்று கூடவே பொறித்திருந்தால் அது நீங்கள் தேடுவது இல்லை.

டெட்டனஸ் துருவால் வருவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமியால் வருவது. தெருத்தரையில் கிடந்த கத்தி என்பதால் உங்கள் மாமியார் பயந்ததில் நியாயம் இருக்கிறது. சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிய கத்தியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் அந்த ஊசி போட்டு 10 வருஷம் ஆகியிருந்தால் கத்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூன் மாதம் மழை பிடித்துவிட்டால் துடைத்து வைத்த கத்தியிலும் துரு ஏறும். அலகில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி வையுங்கள். கடலையெண்ணெய் நாளாக நாளாகப் பிசுக்காகும். தோல் உறையில் போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கும். சிவப்புப் புள்ளி எங்கேயாவது தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் எண்ணெய் விட்டு மெல்லிய கம்பி நாரால் தேய்த்து எடுங்கள். சுற்றியிருக்கும் கறுப்பில் கை வைக்காதீர்கள்.