களைப்பும் தலைச்சுற்றும் சரி, தாகம் ஏன்?

கேள்வி: எனக்கு வயது 23. கொழுந்து பறிக்கிறேன். இரண்டு மாதமாக ஓயாத களைப்பு. குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுகிறது. தண்ணீர்த் தாகமும் அடங்குவதில்லை. இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை தந்தார்கள். குணமில்லை. – வாசகி, பொகவந்தலாவை

பதில்: களைப்பும் தலைச்சுற்றும் இரத்தக் குறைவால் வரலாம். ஆனால் தாகம் அதன் வழக்கமான அறிகுறி அல்ல. எனவே தாகத்திலிருந்தே தொடங்குவோம். இன்று உங்கள் சிறுநீரைக் கவனியுங்கள்.

கடும் மஞ்சளாக, கொஞ்சமாக, பகலில் ஓரிரு தடவை மட்டும் போனால் உடம்பில் தண்ணீர் போதவில்லை. மலையில் கழிப்பறை இல்லாததால் வேலை முடியும்வரை தண்ணீரே குடிக்காத பெண்கள் ஏராளம். அது அவர்கள் குற்றமல்ல; கழிப்பறை கட்டித் தரவேண்டியது நிர்வாகம். எழுந்ததும் இரண்டு தம்ளர் தண்ணீர், மலைக்கு ஒரு லீற்றர் போத்தல் என்று பழகுங்கள். குளிரில் வியர்ப்பது தெரியாது, ஆனால் கூடையோடு ஏறி இறங்கும் உடம்பு நீரை இழந்துகொண்டுதான் இருக்கும். வயிற்றோட்டம் இருந்தால் ஜீவனி என்ற உப்புச்சீனித் தூளைக் கரைத்துக் குடிக்கலாம். ஒரு பக்கெட்டை முழுதாக, கொதித்து ஆறிய ஒரு லீற்றர் நீரில் கரைக்க வேண்டும். ஒரு தம்ளரில் கரைத்தால் உப்பு மிஞ்சிவிடும்.

மாறாக, நிறமில்லாமல் நிறையப் போகிறது, இரவிலும் இரண்டு மூன்று தடவை எழும்புகிறீர்கள், உடம்பும் மெலிகிறது என்றால் அன்றைக்கே சீனி பாருங்கள். 'இந்த வயதில் சீனி வருத்தம் வராது' என்பது தவறு. இன்சுலின் சுரப்பு நின்றுபோகும் முதலாம் வகை இளவயதினரையும் பிடிக்கும். சிறுநீரில் எறும்பு மொய்க்கவில்லை என்றும் ஆறுதல் கொள்ளவேண்டாம். வெறும் வயிற்றில் 126, அல்லது இந்த அறிகுறிகளோடு எந்நேரம் பார்த்தாலும் 200 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் அது சீனி வருத்தம்தான். தாகத்துக்குச் சோடாவும் சீனி போட்ட தேத்தண்ணியும் குடித்தால் சீனி இன்னும் ஏறும், தாகமும் கூடும். வாந்தி, வயிற்று வலி, வேகமான ஆழ்ந்த மூச்சு சேர்ந்துவிட்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

இனி மாத்திரைக்கு வருவோம். அதைத் தேத்தண்ணியோடு விழுங்குகிறீர்களா? சாயத்திலுள்ள டனின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்புக்குப் போய்ச் சேராது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, தேசிக்காய்த் தண்ணீரோடு போடுங்கள். தேத்தண்ணியைச் சாப்பாட்டிலிருந்தும் மாத்திரையிலிருந்தும் ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். ரொட்டியோடு குடிக்கும் காலைத் தேத்தண்ணிக்கும் இது பொருந்தும். மலம் கறுத்தால் பயப்படாதீர்கள், அது இரும்பின் நிறம். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக்கூடாது. ஒழுங்காகப் போட்டால் ஒரு மாதத்தில் ஒரு கிராமாவது ஏறும். அளவு சரியான பிறகும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் சேமிப்பு நிரம்பும். ஏறவே இல்லையென்றால் இரத்தம் எங்கோ போய்க்கொண்டிருக்கலாம்: ஏழு நாளுக்கு மேல் நீளும் மாதவிடாய், அல்லது வெறுங்காலில் நடப்பதால் ஏறும் கொக்கிப்புழு. பரம்பரையாக வரும் தலசீமியா இரத்தக் குறைபாட்டின் கூறு இருந்தாலும் இரும்பு மாத்திரை அதைத் திருத்தாது. தைரொயிட்டையும், மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் கர்ப்பத்தையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வயது 20. சீனி, இரத்தம் எல்லாம் சரி. எழுந்து நின்றால் தலை சுற்றி நெஞ்சு படபடக்கிறது. – வாசகர், பண்டாரவளை

பதில்: ஐந்து நிமிடம் படுத்திருந்து நாடியும் இரத்த அழுத்தமும் பாருங்கள். பிறகு சாயாமல் நின்று 1, 3, 5, 10ஆம் நிமிடங்களில் பாருங்கள். பக்கத்தில் ஆள் இருக்கட்டும். மூன்று நிமிடத்துக்குள் அழுத்தத்தின் மேல் எண் 20 இறங்கினால் நீர்க்குறைவோ, போடும் மருந்தோ காரணமாகலாம். அழுத்தம் இறங்காமல் நாடி மட்டும் படுத்திருந்தபோது இருந்ததைவிட நிமிடத்துக்கு 30 துடிப்புக்கு மேல் கூடி அப்படியே நின்றால், எழுதிய எண்களை வைத்தியரிடம் காட்டுங்கள். ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுந்திருந்தால், ஈ.சி.ஜி. எடுத்து வைத்தியர் பார்க்கும்வரை மைதானத்தில் இறங்கவேண்டாம்.