நாற்பத்தெட்டு முறை வீடு திரும்பியவன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2010-ல் என் மகன் கல்லூரியில் சேர்ந்த வருஷம் இருவரும் சேர்ந்து ‘டாய் ஸ்டோரி’ அனிமேஷன் படத்தின் மூன்றாம் பாகம் பார்த்தோம். கல்லூரிக்குக் கிளம்பும் ஆண்டி என்ற பையன் தன் பொம்மைகளை ஒரு சிறுமியிடம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறும்போது இரண்டு பேருமே அழுதோம். கதை அதோடு முடிந்தது என்று நினைத்தேன். 2019-ல் நான்காவது வந்தது. பிறகு ஐந்தாவதையும் அறிவித்தார்கள். அன்று அழுததற்கு என்ன அர்த்தம்? எந்தக் கதைக்கும் மூன்று பாகம் போதும் என்று ஒரு விதி இருந்தால் என்ன?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த விதி வேண்டாம். அப்படி ஒரு விதி இருந்திருந்தால் நான் மிகவும் நேசிக்கும் ஒரு மனிதனை மூன்றாவது படத்தோடு இழந்திருப்பேன்.

அவன் பெயர் டோரா. ஜப்பானில் ‘டோரா-சான்’ என்று சொன்னால் தெரியாதவர்கள் குறைவு. கையில் ஒரு பெட்டியோடு ஊர் ஊராகப் போய்த் திருவிழாக்களில் சாமான் விற்பவன். டோக்கியோவின் ஷிபமாதா பகுதியில், கோயில் தெருவில், சித்தப்பாவின் கொழுக்கட்டைக் கடைதான் அவனுக்கு வீடு. திடீரென்று வந்து நிற்பான், எல்லோருடனும் சண்டை போடுவான், ஒரு பெண்ணிடம் மனதைப் பறிகொடுப்பான், அது கைகூடாது, மறுபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். 1969-லிருந்து 1995 வரை 48 படங்களிலும் கிட்டத்தட்ட இதுதான் கதை. பல வருஷங்கள் ஆண்டுக்கு இரண்டு படம்: கோடையில் ஒன்று, புத்தாண்டுக்கு ஒன்று. 48 படங்களிலும் கியோஷி அட்சுமிதான் டோரா. இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இயக்கியவர் யோஜி யமதா.

இந்தத் தொடர் பிறந்ததே ஒரு முடிவை மாற்றியதால்தான். முதலில் அது தொலைக்காட்சித் தொடர். கடைசிப் பகுதியில் பாம்பு கடித்து டோரா இறந்துவிடுகிறான். பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். அப்புறம்தான் யமதா அவனைத் திரைப்படத்தில் உயிரோடு கொண்டுவந்தார். முடிந்த கதையைத் திறப்பதே குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வராதது இதனால்தான்.

எல்லாப் படமும் நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். நடுவில் சில படங்களில் அடுத்த காட்சி என்னவென்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். தயாரித்த ஷோச்சிக்கு நிறுவனத்துக்கு இது வருஷா வருஷம் கைகொடுத்த வருமானம், அதையும் மறைப்பதற்கில்லை. ஆனாலும் நான் விடாமல் பார்த்தேன். காரணம் டோராவின் தங்கை சகுராவின் மகன் மிட்சுவோ.

முதல் படத்தின் கடைசியில் அவன் கைக்குழந்தை. 1981-ல் ஹிதெதகா யோஷியோகா என்ற பத்து வயதுப் பையன் அந்த வேடத்துக்கு வருகிறான். அதற்குப் பிறகு அவன் வளர்வதைப் படத்துக்குப் படம் நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். 1989-ல் வந்த 42-வது படத்தில் அவன் கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்று, விரும்பிய பெண்ணைத் தேடி மோட்டார் சைக்கிளில் வீட்டைவிட்டுப் போகிறான். வழியில் அவனுக்குத் துணை நிற்பது யார்? எந்தக் காதலிலும் ஜெயிக்காத தாய்மாமன்தான். அட்சுமியின் உடல்நிலை தளர்ந்ததால் கதையின் பாரம் பையன் பக்கம் நகர்ந்தது என்பார்கள். இருக்கட்டும். எனக்கு அந்தக் காட்சிகள் மனதில் நிற்பதற்குக் காரணம், அந்தப் பையனைக் குழந்தையிலிருந்து எனக்குத் தெரியும் என்பதுதான். முதல் மூன்று படங்களோடு நிறுத்தியிருந்தால் இது கிடைத்திருக்குமா?

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். 1995-ல் வந்த முதல் பாகத்தில் ஆண்டிக்குக் குரல் கொடுத்த சிறுவன் ஜான் மாரிஸ்தான் 2010-லும் குரல் கொடுத்தார். நீங்கள் கேட்டது பதினைந்து வருஷத்தில் நிஜமாகவே வளர்ந்துவிட்ட குரல். பக்கத்து இருக்கையில் உங்கள் மகனும் அதே போல வளர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த அழுகைக்குப் பின்னால் அத்தனை வருஷங்கள் இருக்கின்றன, எஸ்.

நான்காவது பாகம் திறமையாக எடுக்கப்பட்ட படம். ஆஸ்கரும் வாங்கியது. ஆனால் ஆண்டி அதில் பழைய நினைவாக மட்டும்தான் வருகிறான். விடைகொடுத்தவனை விட்டுவிட்டு விடைபெற்றவர்களை மட்டும் மறுபடி அழைத்து வந்ததுதான் உங்களை உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். என்னையும் அதுதான் உறுத்தியது. ஒரு தொடர் மேலும் போகலாமா என்று கேட்டால் நான் பார்ப்பது இதைத்தான்: முந்தைய படத்துக்கும் இதற்கும் நடுவே ஓடிய வருஷங்களின் தடம் அந்த மனிதர்கள்மேல் விழுந்திருக்கிறதா? அது இல்லையென்றால் இரண்டாம் பாகமே எனக்கு அதிகம்.

டோராவின் 48-வது படம் 1995 டிசம்பரில் வந்தது. அட்சுமிக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. நிறைய காட்சிகளில் உட்கார்ந்தபடியேதான் நடித்திருக்கிறார். 1996 ஆகஸ்ட்டில் இறந்தார், வயது 68. சித்தப்பா வேடத்தில் மூன்று நடிகர்கள் மாறியிருக்கிறார்கள். ஜேம்ஸ் பாண்டாக ஆறு பேர் நடித்த உலகம் இது. டோராவுக்கு மட்டும் யமதா வேறு ஆளைத் தேடவில்லை.

2019-ல் யமதா இந்தத் தொடரில் இன்னொரு படம் எடுத்தார். அப்போது அவருக்கு 88 வயது. மிட்சுவோ இப்போது எழுத்தாளன், மனைவியை இழந்தவன், வளர்ந்த மகளுக்குத் தகப்பன். கொழுக்கட்டைக் கடை கஃபே ஆகிவிட்டது. சகுராவின் தலை நரைத்துவிட்டது. டோரா பழைய படங்களின் துண்டுகளாக, இவர்களின் நினைவில் மட்டும் வருகிறான். மாமா இப்போது இருந்தால் என்ன சொல்வார் என்று மிட்சுவோ யோசிக்கும்போது, அந்த மாமாவை நானும் அத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன் என்பதால் எனக்கும் பதில் தெரிந்திருந்தது.

முடிந்தால் உங்கள் மகனோடு உட்கார்ந்து டோராவின் முதல் படத்தைப் பாருங்கள்.