ஒரே சலவைக்குறி

அன்புள்ள சார்,

கல்லூரிக் காலத்திலிருந்து உங்களை வாசிக்கிறேன். இப்போது தனியார் துப்பறிவாளர் ஒருவரை நாயகனாக வைத்து ஒரு சிறுகதை வரிசை எழுதத் தொடங்கியிருக்கிறேன். அவர் ஆண்களைக் காதலிப்பவர். ஒவ்வொரு கதையிலும் ஒரு மர்மம், கூடவே ஒரு காதல். முதல் கதையை இணைத்திருக்கிறேன். கோவையில் ஒரு பஞ்சாலை மேலாளர் கொல்லப்படுகிறார். அவரும் அவருடைய நண்பரும் ஓரினச்சேர்க்கையாளர்கள் என்பதைக் கடைசி வரியில் உடைத்திருக்கிறேன். வாசகர் அதிர்ந்துபோவார் என்று நம்புகிறேன்.

என் சிக்கல் இதுதான். மூவாயிரம் சொற்களுக்குள் மர்மத்தையும் காதலையும் எப்படி அடக்குவது? ஒன்று வளர்ந்தால் மற்றது மெலிந்துவிடுகிறது. தவிர, தமிழ் இதழ்கள் இதைப் போடுமா? நான் அப்படிப்பட்டவன் இல்லாதபோது இதை எழுதலாமா? பெயரை வெளியிட வேண்டாம்.

ர.

*

அன்புள்ள ர,

இதழ்கள் போடுமா என்பதை எழுதி முடித்த பிறகு யோசிக்கலாம். எழுதலாமா என்பதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் 'அப்படிப்பட்டவன்' என்று எழுதிய கையை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். எப்படிப்பட்டவன்? ஒரு கணவனையும் மனைவியையும் 'சேர்க்கையாளர்கள்' என்று எழுதுவீர்களா? தன்பாலீர்ப்பு என்ற சொல் புழக்கத்துக்கு வந்து எத்தனையோ வருடங்களாகின்றன. 2022-ல் தமிழக அரசே இதற்கான மரியாதையான சொற்களைப் பட்டியலிட்டு அரசிதழில் வெளியிட்டது. அரசாங்கம் கற்றுக்கொண்ட சொல்லை ஓர் எழுத்தாளர் கற்றுக்கொள்ளவில்லை என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

கதையை இரண்டு முறை வாசித்தேன். இரவு ஷிப்டுக்குச் சங்கு ஊதும்போது துப்பறிவாளர் பேச்சை நிறுத்திக் காத்திருக்கிறாரே, அந்த இடம் அருமை. பஞ்சுத் தூசி படிந்த கண்ணாடியை நண்பர் துடைக்கும் இடத்தில் கண் கலங்கிவிட்டது. இப்படிப் பார்க்கத் தெரிந்த நீங்கள் அந்தக் கடைசி வரியை எப்படி எழுதினீர்கள்? இரண்டு பேர் பதினோரு வருடம் சேர்ந்து வாழ்ந்ததைக் கத்தியையும் இரத்தக்கறையையும் போலப் பொத்தி வைத்திருந்து வாசகன் முகத்தில் வீசுகிறீர்கள். காதல் அங்கே துப்பாகிவிட்டது. துப்பு என்றால் குற்றத்தின் பக்கத்துப் பொருள் என்றுதானே அர்த்தம்?

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1889 ஆகஸ்டில் லண்டன் லாங்ஹம் ஹோட்டலில் ஓர் அமெரிக்க இதழாசிரியர் இரண்டு எழுத்தாளர்களை விருந்துக்கு அழைத்தார். ஒருவர் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயில், மற்றவர் ஆஸ்கர் வைல்ட். ஆளுக்கொரு கதை கேட்டார். ஹோம்ஸின் இரண்டாவது நாவலும் வைல்டின் ஒரே நாவலும் அடுத்த வருடம் அதே இதழில் வந்தன. துப்பறிவாளனும் ஆணைக் காதலித்தவனும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. ஆறே வருடம். 1895-ல் வைல்ட் தொடுத்த அவதூறு வழக்கில், அவர் ஆண்களோடு உறவு கொண்டவர் என்று காட்ட எதிர்த்தரப்பு தனியார் துப்பறிவாளர்களை அமர்த்தியது. அவர்களில் ஒருவர் ஜான் லிட்டில்சைல்ட், ஸ்காட்லாந்து யார்டின் ஸ்பெஷல் பிராஞ்சுக்குத் தலைவராக இருந்து விலகியவர். தெருத்தெருவாக அலைந்து இளைஞர்களின் முகவரிகளைத் திரட்டினார்கள். சவாய் ஹோட்டல் பணிப்பெண் ஒருத்தி படுக்கை விரிப்பு இருந்த நிலையைச் சாட்சிக்கூண்டில் ஏறிச் சொன்னாள். கடைசியில் குற்றவாளியாக்கப்பட்டது வைல்ட்தான், இரண்டு வருடம் கடுங்காவல். ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கி அவரைத் தண்டித்த 1885-ஆம் வருடச் சட்டத்தை இங்கிலாந்தில் மிரட்டிப் பணம் பறிப்பவர்களின் சாசனம் என்றே சொன்னார்கள். 1967 வரை அந்தச் சட்டத்தின் பிடி தளரவில்லை. பயத்தால் இரகசியம், இரகசியத்தால் மிரட்டல், மிரட்டலால் கொலை. மர்மக்கதைக்காரர்கள் பல பேர் இந்தச் சங்கிலியை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நானும் ஒரு படுக்கை விரிப்பைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதுவரை எழுதாத விஷயம் இது.

1994-ல் எனக்கு இருபத்து மூன்று வயது. தியாகராய நகரில் ஒரு மாடியறையில் இயங்கிய துப்பறியும் நிறுவனத்தில் தட்டச்சு வேலை. பெரும்பாலும் கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளை குடிப்பாரா, கடன் உண்டா, 'வேறு தொடர்பு' உண்டா. விசாரிக்கப் போகிறவர் பெட்டிக்கடையிலும் பால் பூத்திலும் பேச்சுக்கொடுத்துவிட்டு வந்து ஒரு கோடு போட்ட நோட்டில் கிறுக்கித் தருவார். அதை நல்ல தமிழில் அடித்து, கார்பன் நகலோடு கொடுப்பது என் வேலை.

சேலத்துப் பெண் வீட்டார் ஒருவர், திருவல்லிக்கேணியில் ஒரு நண்பரோடு வீடு எடுத்துத் தங்கியிருந்த மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கச் சொல்லியிருந்தார். கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. நம் ஆள் சலவைக்காரரைப் பிடித்தார். அப்போது அந்தப் பக்கத்துச் சலவைக்காரர்கள் சிலர் சேராங்கொட்டை மையால் துணியில் குறி போட்டுக்கொண்டிருந்தார்கள், வீட்டுக்கு ஒரு குறி. வாடகைக்குச் சேர்ந்திருக்கும் பையன்கள் என்றால் ஆளுக்கொரு குறி, துணி மாறினால் சண்டை வரும். இந்த இரண்டு பேருக்கும் ஒரே குறி. சட்டைக் காலரில், வேட்டி ஓரத்தில், விரிப்பின் மூலையில், எல்லாவற்றிலும் இரண்டு புள்ளியும் ஒரு கோடும். ஏன் என்று கேட்டதற்குச் சலவைக்காரர் சொன்னதை நம் ஆள் அப்படியே எழுதியிருந்தார்: "அவங்க ஒரே வூடு சார்."

நான் அதை அப்படியே அடித்திருக்கலாம். 'ஐயத்துக்குரிய நெருக்கம் உள்ளது' என்று அடித்தேன். நல்ல வாக்கியம் என்று மேலாளர் பாராட்டினார்.

அந்தப் பெண்ணுக்கு உண்மை தெரிய வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் தெரிய வேண்டும். அந்தக் கல்யாணம் நின்றதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அறிக்கையின் நகல் பையனுடைய அப்பாவுக்கும் போயிற்று. அடுத்த மாதமே அந்த வீடு காலியாகிவிட்டதாக நம் ஆள் சொன்னார். இரண்டு பேரும் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. தினமும் அவர்கள் துணியைத் துவைத்த மனிதர் அவர்களை ஒரு குடும்பமாகப் பார்த்தார். அவருக்கு அதில் மர்மம் எதுவும் தெரியவில்லை. மர்மத்தை உண்டாக்கியது என் வாக்கியம். உங்கள் கடைசி வரியை வாசித்தபோது எனக்கு என் தட்டச்சுதான் கேட்டது.

சில வருடங்கள் கழித்துத்தான் ஜோசப் ஹான்சனை வாசித்தேன். அமெரிக்கர். 1970-ல் தொடங்கி 1991 வரை டேவ் பிராண்ட்ஸ்டெட்டர் என்ற பாத்திரத்தை வைத்துப் பன்னிரண்டு நாவல்கள் எழுதினார், சிறுகதைகளும் உண்டு. டேவ் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக மரணங்களை விசாரிப்பவர். முதல் நாவலில் ஒரு கார் பாலத்திலிருந்து விழுந்து கிடக்கிறது, ஓட்டியவர் உடல் கிடைக்கவில்லை. விசாரிக்கப் போகிற டேவ் அப்போதுதான் துணையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், இருபது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்தவர் அந்தத் துணை. இதைத் திருப்பத்துக்காக ஹான்சன் மறைத்து வைக்கவில்லை. மனைவியை இழந்தவன் எப்படி வேலைக்குப் போவானோ அப்படிப் போகிறார் டேவ். காணாமல்போனவருக்கும் ஒரு பழைய காதலன் உண்டு, அது கதையின் நடுவில் வருகிறது. நமக்கு அதிர்ச்சி வருவதில்லை. இழந்தவன் இன்னொரு இழந்தவனைத் தெரிந்துகொள்கிறான், அவ்வளவுதான். போலீசும் வீட்டாரும் பார்க்காததை அவர் பார்ப்பதற்குக் காரணம் அவருடைய துக்கம். கொலை யார் செய்தது என்பது தனியாக ஓடுகிறது.

மூவாயிரம் சொற்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் அல்லவா? காதலை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டால் அதை ஒளிப்பதற்காக நீங்கள் செலவழித்த பக்கங்கள் மிஞ்சும். உங்கள் கதையில் எண்ணிப் பார்த்தேன், நாலு பக்கம்.

நம் ஊரில் இதற்குக் கரு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் 'காணவில்லை' என்று புகார் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இதைப் பற்றி முழுமையாகத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு உத்தரவு எழுதினார். 2021 ஜூன் மாதம். இப்படி விருப்பத்தோடு சேர்ந்து வாழும் வயது வந்தவர்களைப் பற்றிக் காணவில்லை என்று புகார் வந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும் என்று போலீசுக்குச் சொன்னார். உங்கள் துப்பறிவாளரிடம் ஓர் அப்பா வந்து மகனைக் கண்டுபிடிக்கச் சொல்லட்டும். இரண்டாம் பக்கத்திலேயே அவர் கண்டுபிடித்துவிடட்டும். கொடியில் உலரும் துணியைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிடும், அவர் வீட்டுக் கொடியிலும் அப்படித்தான் உலர்கிறது. அறிக்கையில் என்ன எழுதுவது என்று அவர் அன்று இரவு உட்கார்ந்து யோசிக்கட்டும். நான் யோசிக்கவில்லை.

சலவைக்குறியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். நான் மூன்று முறை எழுதிப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் என் குற்றவுணர்ச்சி முன்னால் வந்து நின்றுகொண்டது. அந்த இரண்டு பேரும் பின்னால் போய்விட்டார்கள். உங்களுக்கு அந்தச் சுமை இல்லை. இரண்டு புள்ளி, ஒரு கோடு. கோடு புள்ளிகளுக்குக் கீழே இருக்கும், மேலே இல்லை.

மாற்றி எழுதியதும் அனுப்புங்கள். பக்க எண் போட்டு அனுப்புங்கள், இந்த முறை போடவில்லை.

அன்புடன்.