காரைக்குடியில் எம்.எஸ்சி. சேர்ந்த மகளுக்கு வேலை கிடைக்குமா?

கேள்வி: மகளுக்கு அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. வேதியியல் இடம் கிடைத்துச் சேர்த்துவிட்டோம். சென்னையில் சேர்த்திருந்தால் கம்பெனிகள் கேம்பஸுக்கே வந்து ஆள் எடுக்கும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். அவசரப்பட்டுவிட்டோமோ என்று தூக்கம் வரவில்லை. (ஒரு தாய், தேவகோட்டை)

பதில்: ஆச்சி, சேர்த்த இடத்தை மாற்ற வேண்டாம். வேதியியல் படிக்கிற பிள்ளைக்குக் காரைக்குடி நல்ல ஊர். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மின்வேதியியல் ஆய்வகம், நம் பக்கம் எல்லோரும் சொல்லும் சிக்ரி, 1953 முதல் அங்கேதான் இயங்குகிறது. பேட்டரி, உலோக அரிப்பு, மின்முலாம் என்று எதை எடுத்தாலும் ஆழமாக ஆராயும் இடம்.

கேம்பஸ் இன்டர்வியூ குறைவு என்பது உண்மைதான். ஆனால் எம்.எஸ்சி. வேதியியலுக்கு எந்த ஊரிலும் கேம்பஸை மட்டும் நம்பி உட்கார முடியாது. மகளின் திறமை இன்னது என்று ஓர் ஆசிரியரும் இரண்டு சீனியர்களும் தெரிந்து வைத்திருந்தால் கதவு திறக்கும். சிறிய துறையில் ஆசிரியர் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இங்கே கிடைக்கும் பெரிய வசதி அதுதான். முதல் செமஸ்டரிலேயே அதைப் பயன்படுத்தத் தொடங்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு காகித வேலை இருக்கிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், டிகிரி மார்க் ஷீட் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். செட்டிநாட்டுக் குடும்பங்களில் இது அடிக்கடி சிக்கலாகும். ஒன்றில் 'ராம. அழ.' என்று இரண்டு தலைப்பெழுத்து இருக்கும். இன்னொன்றில் ஒரே எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். நெட் (கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வு), கேட் (மேற்படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வு) விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டிலும் இந்த வித்தியாசம் இழுத்தடிக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி ஆதாரை இப்போதே திருத்திவிடுங்கள்.

வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். 90 வேலை நாள் உள்ள செமஸ்டரில் 22 நாளுக்கு மேல் விடுப்பு எடுத்தால் ஹால் டிக்கெட்டுக்கே ஆபத்து. கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு), காதுகுத்து என்று பிள்ளையை நாலு நாள் முன்னதாகவே அழைத்து வருவது நம் வீடுகளில் வழக்கம். இந்த இரண்டு வருஷம் மட்டும் அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிராக்டிகல் வகுப்பு தவறினால் அந்தச் சோதனையை இன்னொரு நாள் செய்ய முடிவது அபூர்வம்.

முதல் வருடக் கோடை விடுமுறைக்கு நாட்டின் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தேர்வானால் நாட்டின் நல்ல ஆய்வகம் ஒன்றில் இரண்டு மாதம் வேலை, உதவித்தொகை உண்டு, ரயில் செலவும் தருவார்கள். விண்ணப்பம் வழக்கமாக நவம்பர் வாக்கில் முடிந்துவிடும். அதாவது எம்.எஸ்சி. சேர்ந்த நாலைந்து மாதத்துக்குள், மகளைத் தெரிந்த ஓர் ஆசிரியர் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். பலருடைய விண்ணப்பம் விழுவது இங்கேதான். கடைசி நாளுக்கு முந்தின நாள் போய் நின்றால், 'நல்ல மாணவி, ஒழுக்கமானவர்' என்று எல்லோருக்கும் பொருந்தும் இரண்டு வரிதான் கிடைக்கும். மூன்று வாரம் முன்பே ஒரு பக்கக் குறிப்பைக் கொடுக்க வேண்டும்: படித்த தாள்கள், மதிப்பெண், இளங்கலை புராஜெக்ட்டில் தன் கையால் செய்த வேலை, எந்தத் துறையில் ஆர்வம், கடைசித் தேதி. ஆசிரியருக்கு லிங்க் போகிற விண்ணப்பமாக இருந்தால் அந்த மெயில் ஸ்பேமில் கிடக்கலாம். இரண்டு நாள் கழித்துப் பணிவாக நினைவூட்டச் சொல்லுங்கள்.

சிக்ரியிலோ வேறு ஆய்வகத்திலோ இறுதி செமஸ்டர் புராஜெக்ட் செய்யத் துறைத் தலைவர் கடிதம் வேண்டும். அங்குள்ள விஞ்ஞானி ஒருவரின் சம்மதமும் வேண்டும். 'எனக்கு ஒரு புராஜெக்ட் தாருங்கள்' என்று இருபது பேருக்கு ஒரே மெயில் அனுப்பினால் பதில் வராது. ஒருவரின் சமீபத்திய ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் தனக்குப் புரிந்ததையும் கேட்க விரும்புவதையும் நாலு வரியில் எழுதினால் வர வாய்ப்பு உண்டு. கட்டணம் உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு வேலை மனதில் இருந்தால், கருவிகளைத் தொட்டு வேலை செய்திருக்க வேண்டும். ரெஸ்யூமேயில் 'எச்.பி.எல்.சி. (கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) தெரியும்' என்று எழுதுவார்கள், ஆனால் பார்த்தது ஒரு நாள் டெமோவாக இருக்கும். நேர்முகத்தில் முதல் கேள்வியே, 'மொபைல் ஃபேஸை ஏன் டீகேஸ் செய்கிறோம்?' என்று வரலாம். மொபைல் ஃபேஸ் என்பது கருவிக்குள் ஓடும் திரவம், டீகேஸ் என்பது அதிலுள்ள காற்றை நீக்குவது. நீக்காவிட்டால் கரைந்திருக்கும் காற்று பம்பில் குமிழியாகி அழுத்தம் ஏறி இறங்கும், வரைபடத்தின் அடிக்கோடு (பேஸ்லைன்) ஆடும். கருவியில் நாலைந்து நாள் நின்றவருக்கு இது தானாக வாயில் வரும். மற்றவர் விழிப்பார். துறையில் ஆய்வு மாணவர்கள் கருவி ஓட்டும்போது கூட நிற்க அனுமதி கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

தேர்வுகளைப் பொறுத்தவரை, கேட் பிப்ரவரியில் வரும், விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும், மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். நெட்டில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வந்தால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் வேலைக்கு பி.எட். வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

வேலையில் இருக்கும் முன்னாள் மாணவர்களிடம் உதவி கேட்கும் விஷயத்தில் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறோம். முதல் மெசேஜிலேயே ரெஸ்யூமேயை அனுப்பி வேலை கேட்கக் கூடாது. முன்பின் தெரியாத பிள்ளைக்கு அவரால் உறுதி தர முடியாது, அதனால் பேசாமல் இருந்துவிடுவார். இப்படி எழுதலாம்: 'வணக்கம். உங்கள் துறையிலேயே முதல் வருடம் படிக்கிறேன். தரக்கட்டுப்பாட்டு வேலையில் முதல் ஆறு மாதம் என்ன கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்று கேட்க ஆசை. பதினைந்து நிமிடம் பேச முடியுமா?' பொங்கலையொட்டி நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலுக்கும் கல்யாணங்களுக்கும் சென்னை, சிங்கப்பூரிலிருந்து நிறையப் பேர் ஊருக்கு வருவார்கள். நேரில் பார்த்துப் பேச அந்த வாரம் நல்ல வாய்ப்பு. ஆனால் கேள்வியை மகளே கேட்கட்டும் ஆச்சி. நீங்கள் முந்திக்கொண்டு சிபாரிசு கேட்டால் பேச்சு உறவுமுறைக்குப் போய்விடும். அவர் சொன்னதைச் செய்து முடித்த பிறகு, என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த முறை அவர் கம்பெனியில் இடம் காலியாகும்போது அவருக்கு நினைவு வரும் பெயர்களில் மகளுடையதும் இருக்கும்.