மனச்சோர்வு பற்றி மக்களுக்கு இவ்வளவு சொல்லித்தான் ஆக வேண்டுமா?

'முன்பெல்லாம் டிப்ரஷன் என்ற வார்த்தையே தெரியாமல் ஜனங்கள் நிம்மதியாக இருந்தார்களே' என்று கேள்வியின் அடியில் எழுதியிருக்கிறீர்கள். சென்னைக்காரர்களுக்கு அந்த வார்த்தை நன்றாகவே தெரியும், மழை விஷயத்தில். வானிலைக்காரர்கள் தாழ்வு மண்டலத்தை இங்கிலீஷில் டிப்ரஷன் என்றுதான் சொல்வார்கள். தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்று எங்கள் தெரு இஸ்திரிக்காரர் வரைக்கும் வரிசை பிசகாமல் சொல்வார். காற்று மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் மண்டலம், 62ஐத் தொட்டால் புயல். யாரும் புத்தகம் வாங்கிப் படிக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை வந்தால் செய்தியில் சொல்லிச் சொல்லியே மண்டையில் ஏறிவிட்டது.

எங்கள் அப்பா இதில் ஒரு படி மேல். 2015 வெள்ளத்துக்கு அப்புறம், மழைக்காலத்தில் தினமும் காலை ஆறரைக்கு பெரம்பூரிலிருந்து போன் செய்து, "செம்பரம்பாக்கம் இருபத்தொண்ணு" என்பார். ஏரியின் முழு உயரம் 24 அடி. நான் இருப்பது மடிப்பாக்கம், அந்த ஏரிக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. அது வேறு விஷயம். ரிடையர் ஆன அடுத்த வருஷம் அந்தப் போன் வரவில்லை. நேரில் போனால் டிவியில் மழைச் செய்தி ஓடுகிறது, அப்பா சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார்.

அழவில்லை, புலம்பவில்லை. வயிறு எரிகிறது, முதுகு வலிக்கிறது, மூன்றரைக்கே முழிப்பு வந்துவிடுகிறது, இவ்வளவுதான் சொன்னார். கேஸ் ட்ரபிள் என்று முடிவு கட்டினோம். ஈசிஜி, எண்டோஸ்கோபி, தைராய்டு, பி12, எல்லாம் நார்மல். மாத்திரைப் பை மட்டும் பெருத்தது. எட்டு மாதம் இப்படியே போயிற்று. சோகமாக இருப்பதுதான் மனச்சோர்வு என்று நினைத்திருந்தோம். வயதானவர்களுக்கு அது உடம்பு வலியாகவும் வரும் என்று ஒருவராவது சொல்லியிருந்தால் எட்டு மாதம் எட்டு வாரமாகியிருக்கும். தமிழில் இன்னொரு சிக்கல் வேறு. ஆபீஸ் டென்ஷனும் மன அழுத்தம், இந்த நோயும் மன அழுத்தம் என்றே எழுதிவிடுகிறார்கள். "ரிடையர் ஆயிட்டாரே, அவருக்கு என்ன அழுத்தம்?" என்று சித்தப்பா கேட்டபோது எனக்கும் பதில் தெரியவில்லை.

கடைசியில் தெருமுனை கிளினிக் டாக்டர்தான் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். அம்மா கேட்ட முதல் வார்த்தை, "கீழ்ப்பாக்கமா?" 1794இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அது. இந்த ஊரில் அதன் பெயர் இன்னும் வசவு.

மனநல டாக்டர் ஒன்பது கேள்விகள் கேட்டார். கடந்த இரண்டு வாரமாகத் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது நாட்டம் இருக்கிறதா என்று. 27க்கு மதிப்பெண், கூடக் கூட நோய் கடுமை. அப்பாவுக்கு 17. லேசு, நடுத்தரம், கடுமை என்று இதற்கும் படிநிலை இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்பது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா நிதானமாக, "காலையில எழுந்திருக்காமலே போயிட்டா தேவலைன்னு தோணும்" என்றார். நாற்பது வருஷம் கூட இருந்த அம்மாவுக்கே இது தெரியாது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, கேட்காததுதான் ஆபத்து என்று டாக்டர் பிறகு என்னிடம் சொன்னார்.

மாத்திரை பற்றியும் யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரம் குமட்டல்தான் மிச்சம், மனசில் ஒரு மாற்றமும் இல்லை. பக்கத்து வீட்டில், "பழகிடுச்சுன்னா விடாது" என்று பயமுறுத்தினார்கள். இந்த மாத்திரைகள் போதையாகப் பிடித்துக்கொள்பவை அல்ல. பலன் தெரியச் சில வாரம் ஆகும், நன்றாகத் தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும், திடீரென்று நிறுத்தக் கூடாது. அப்பா மூன்றாம் மாதம், "அதான் சரியாயிடுச்சே" என்று தானாகவே நிறுத்தினார். தலைசுற்றல், எரிச்சல், மறுபடி மூன்றரை மணி முழிப்பு. முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்கு: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, கீழ்ப்பாக்கத்திலும் புறநோயாளியாகப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். போனில் பேசினால் போதும் என்றால் 14416, இலவசம், எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. பஸ் பின்னாடி பல் டாக்டர் விளம்பரம் பார்த்த அளவுக்கு நான் இந்த எண்ணைப் பார்த்ததில்லை.

அப்பா இப்போது பரவாயில்லை. போன் வருகிறது, சில நாள் ஏழரைக்கு. சொந்தக்காரர்களிடம் மட்டும் இன்றைக்கும் அல்சர் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். இதையும் நான் பெயர் போடாமல்தான் எழுதுகிறேன்.